ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது?

நாவலப்பிட்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் செல்வா,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்குக் கிடைத்தது. தோட்டத்து நீர்க் குழுவுக்கு உன்னைச் செயலாளராகப் போட்டது நல்ல காரியம். மூத்தவள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அவளையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள், கீழே அவளுக்கும் வேலை வைத்திருக்கிறேன்.

மழை பெய்து இரண்டு மணி நேரத்தில் பைப்பில் செம்மண் தண்ணீர் வருகிறது, மேல் லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகள் மூன்று பேருக்கு வயிற்றோட்டம், தொட்டியில் எவ்வளவு குளோரின் போடலாம் என்று கேட்கிறாய். அந்தக் கணக்கைக் கடைசியில் எழுதுகிறேன். ஏனென்றால் கலங்கல் தண்ணீரில் போடுகிற குளோரின் கிருமியிடம் போவதற்கு முன்பே மண்ணோடும் சருகுச் சாற்றோடும் சேர்ந்து தீர்ந்துவிடும். நீங்கள் பவுடரைக் கூட்டிக்கொண்டே போவீர்கள், வாசனை தாங்காமல் சனம் பழையபடி ஓடைத் தண்ணீருக்கே போகும். மலைநாட்டில் பைப்பில் வருவது ஊற்றுக்கு மேலே கிடப்பதுதான். முதலில் அதைப் பார்ப்போம்.

கலங்கல் எந்த நேரத்தில் வருகிறது என்பதே பாதி விடையைச் சொல்லும். மழை தொடங்கி ஒன்றிரண்டு மணியில் வந்தால், மேல்மண்ணில் ஓடும் தண்ணீர் நேராக ஊற்றுத் தொட்டிக்குள் இறங்குகிறது என்று எடுத்துக்கொள். மூடி, சுவர், மேலே மழைத்தண்ணீரைத் திருப்பும் கான், இந்த மூன்றில் ஒன்று பழுது. ஒரு நாள் கழித்து இலேசாகக் கலங்கினால், பாறை வெடிப்பு வழியாகத் தூரத்திலிருந்து வருகிறது. உன் கதை முதல் வகை. அது திருத்தக்கூடியது, செலவும் குறைவு. இதை மகளிடம் விடு: உள்ளே தெரியும் நிறமில்லாத ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலை நிரப்பி, பத்திரிகைத் தலைப்பின் மேல் நிறுத்தி, வாய்ப்பக்கமாக மேலிருந்து கீழே பார்க்கட்டும். எழுத்தை வாசிக்க முடியாவிட்டால் கலங்கல் 30 அலகுக்கு (NTU) மேல். அந்தத் தண்ணீருக்குக் குளோரின் போடுவது வீண். மழைக்கு முன், மழை விழுந்து ஒரு மணியில், மூன்று மணியில், அடுத்த நாள் காலையில் என்று நாலு முறை பார்த்துக் கொப்பியில் நேரத்தோடு எழுதச் சொல்.

பிறகு ஒரு கனத்த மழை நாளில் நீயே ஊற்றுக்கு மேலே ஏறு. வெயில் நாளில் போனால் ஒன்றும் தெரியாது. மண்வெட்டியும் ஒரு தாளும் கையில் இருக்கட்டும். தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, அந்த வழியில் கக்கூஸ் குழி, மாட்டுப்பட்டி, மரக்கறிப் பாத்தி, குப்பைப் பள்ளம் எது எது இருக்கிறது என்று கோடு போட்டு வரைந்துகொள். இந்தத் தாள் இல்லாமல் நீர்க் குழு கூட்டம் வைத்தால் பேச்சோடு முடிந்துவிடும்.

இனி ஊற்றுத் தொட்டி. உங்களுடையது முப்பது வருடத்துக்கு முன் கட்டியது என்று எழுதியிருக்கிறாய். அந்தக் காலத்து வேலைகளில் நான் அடிக்கடி காணும் பிழை, வழிந்தோடும் குழாயை ஊற்றுக் கண்ணுக்கு மேலே வைத்துவிடுவது. தொட்டி நிறைந்ததும் தண்ணீர் கண்ணைத் திருப்பி அழுத்தும். ஊற்று அழுத்தம் குறைந்த வேறு வழியைத் தேடிக்கொள்ளும். சில வருடத்தில் "ஊற்று வற்றிப்போச்சு" என்பார்கள். வற்றவில்லை, பக்கத்தில் பத்தடி தள்ளிச் சேற்றில் கசிந்துகொண்டிருக்கும். வழிந்தோடும் குழாய் கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும், குடிநீர் போகும் குழாயைவிடப் பெரிதாகவும் இருக்க வேண்டும். குடிநீர்க் குழாயைத் தொட்டித் தரையிலிருந்து 10 சென்ரிமீற்றர் உயர்த்தி வை, வண்டல் அடியில் தங்கும். அந்த வண்டலை வெளியேற்ற அடித்தரையில் இரண்டு அங்குலக் கழுவு குழாய் ஒன்று வேண்டும்.

கண்ணுக்கும் சுவருக்கும் நடுவில் கழுவிய கல்லும் சரளையும் போடு. அதன் மேலே 15 சென்ரிமீற்றர் களிமண்ணை நனைத்து மிதித்து இறுக்கு, அதற்கு மேல் சாதாரண மண், புல்லு. களிமண் விட்டுப்போனால் சரளை ஒரு வடிகட்டியாக இருக்காது, மேல்தண்ணீருக்கு வாசலாகிவிடும். மூடிக்கு விளிம்பு கீழ்நோக்கி மடங்கியிருக்கட்டும், பூட்டும் போடு. குழாய் வாய்களுக்கெல்லாம் கறள் பிடிக்காத வலை. தவளையும் எலியும் உள்ளே போகிற இடம் பெரும்பாலும் மூடியல்ல, வலையில்லாத வழிந்தோடும் குழாய்தான்.

ஊற்றுக்கு மேலே 8 முதல் 10 மீற்றர் தள்ளி, பிறை வடிவத்தில் ஒரு திருப்புக் கான் வெட்டு. மழைத்தண்ணீர் அதில் விழுந்து இரண்டு பக்கமும் போய்விடும். இந்தக் கான் மண் நிறைந்து மூடியிருப்பதுதான் உன் செம்மண் தண்ணீருக்குக் காரணமாக இருக்கும் என்று இங்கிருந்தே சந்தேகப்படுகிறேன். அதைச் சுற்றி வேலி, மாடு உள்ளே வரக்கூடாது. கிட்டத்தில் யூக்கலிப்டஸ் நட விடாதே. வேர் தொட்டிச் சுவரைப் பிளந்துகொண்டு தண்ணீரைத் தேடி வரும்.

கக்கூஸ் விசயம் சிரமமானது, ஆனால் அதைத் தள்ளிப்போட முடியாது. ஊற்றுக்கும் குழிக்கும் 30 மீற்றர் இடைவெளி என்று எல்லாரும் சொல்வார்கள். தட்டை நிலத்துக்கு அது சரி. எங்கள் சரிவிலே, மண் மெலிந்து கீழே வெடித்த பாறை இருக்கிற இடத்தில், அந்த 30 மீற்றரைக் கழிவுநீர் வெகு சீக்கிரம் கடந்துவிடும். ஊற்றுக்கு மேல் சரிவில் குழியே இருக்கக்கூடாது என்பதுதான் நான் சொல்லும் விதி. குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் மழைக்காலத்திலும் ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் இருக்க வேண்டும்.

உன் கடிதத்தோடு வந்த படத்தில் மேல் லயத்துக்கு ஒரு செப்டிக் தொட்டியும் ஊறு குழியும் இருக்கின்றன. அதன் வழிதண்ணீர் இப்போது எங்கே போகிறது என்று பார். பெரும்பாலான லயங்களில் நடப்பது இதுதான்: தொட்டியில் சேறு அள்ளுவதில்லை, சேறு வழிந்து ஊறு குழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைக்கிறது, குழி பொங்குகிறது, நாற்றம் தாங்காமல் யாரோ ஒருவர் ஒரு பிவிசி பைப்பை மாட்டிக் கானுக்குத் திருப்பிவிடுகிறார். கான் ஓடைக்குப் போகிறது. அந்த ஆளைக் குற்றம் சொல்லாதே, அவர் வீட்டு வாசலில் மலம் பொங்கினால் வேறு என்ன செய்வார்? தொட்டியில் சேறு மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் அள்ள வேண்டும், அது மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வரும். சேறு உறிஞ்சும் பிரதேச சபை பவுசரைக் கேட்கும் முன், வண்டி நிற்கும் ரோட்டிலிருந்து தொட்டிவரை குழாய் நீளத்தை அள. தொட்டி ரோட்டுக்குக் கீழே இருந்தால் உயரத்தையும் அள, ஏனென்றால் உறிஞ்சும் பம்பு ஏழு மீற்றருக்கு மேல் தூக்கத் திணறும். புதிதாகக் கட்டுவதாக இருந்தால் இரண்டு அறை, முதல் அறை இரண்டாவதைப் போல இரு மடங்கு நீளம். ஆழ் குழிக்குப் பதிலாகச் சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தில் போகும் மட்டக் கோட்டில், சரளை நிரப்பிய ஆழமில்லாத அகழி வெட்டு. தண்ணீர் ஓரிடத்தில் பொங்காமல் பரந்து ஊறும்.

மரக்கறித் தோட்டத்தைப் பற்றி நீ ஒரே வரியில் "உரம் கலக்குது" என்று எழுதியிருந்தாய். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உரம் இரண்டு வழியில் போகிறது, இரண்டுக்கும் மருந்து வேறு. பொசுபரசு மண்துகளில் ஒட்டிக்கொண்டு மண்ணோடு ஓடும். நைதரேற்று தண்ணீரில் கரைந்து கீழே இறங்கி ஊற்றுக்கே வரும். மண்ணைத் தடுத்தால் பொசுபரசு நிற்கும். அதற்கு மட்டக் கான், கானுக்குள் வண்டல் குழி, ஓடைக் கரையில் பத்து மீற்றர் அகலத்துக்கு உழாத புல்லுப் பட்டை, வெட்டிவேர் அல்லது குவாத்தமாலா புல்லு. லீக்சும் கரட்டும் மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டால் ஒவ்வொரு பாத்தியும் ஒரு கான் ஆகிவிடும், குறுக்கே போடச் சொல். நைதரேற்றைப் புல்லால் பெரிதாகத் தடுக்க முடியாது. அதற்கு உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று நாலு தடவையாகப் பிரிப்பதும், கனமழை வருமென்று தெரிந்தால் அன்று போடாதிருப்பதும்தான் வழி. கோழி எருக் குவியலைத் தகரத்தாலோ பொலித்தீனாலோ மூடி, அடியில் தண்ணீர் ஊறாத தரையில் வைக்கச் சொல்.

உங்கள் ஓடை போய்ச் சேரும் கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991இல் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. நீரில் உரச்சத்து மிஞ்சினால் பெருகும் பாசி அது, சில வகைகள் ஈரலுக்கு நஞ்சையும் விடும். அந்தத் தண்ணீர்தான் மகாவலியாகிக் கம்பளை, கண்டி என்று கீழே போகிறது. கம்பளையிலே 2007இல் மஞ்சட்காமாலை பரவியதை நீ மறந்திருக்க மாட்டாய். அது பாசியால் வந்ததல்ல, ஹெபடைட்டிஸ் ஏ, மலம் கலந்த தண்ணீராலும் சாப்பாட்டாலும் பரவுவது. ஒரே ஆற்றில் இரண்டு விதமான கேடு. இரண்டுக்கும் தொடக்கம் மேலே, எங்கள் சரிவுகளில்.

நைதரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. முக்கியமாக ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரில். கொதிக்கவைத்தால் அது போகாது, தண்ணீர் ஆவியாகி இன்னும் கூடும். இதைத் தாய்மாருக்குச் சொல்லவேண்டியது உன் பொறுப்பு.

மருந்தடிக்கிறவர்களிடம் ஒரு விசயத்தைக் கட்டாயம் பேசு. பீலியிலிருந்து ஹோஸ் இழுத்து, அதன் நுனியை மருந்து பீப்பாய்க்குள் அமிழ்த்திவிட்டு நிரம்பும்வரை நிற்பார்கள். அந்த நேரத்தில் கீழே யாராவது பெரிய பைப்பைத் திறந்தாலோ குழாய் உடைந்தாலோ அழுத்தம் விழும், ஹோஸ் பீப்பாயிலுள்ள மருந்தைத் திருப்பி உறிஞ்சி லயத்துக் குழாய்க்குள் கொண்டுபோய்விடும். ஹோஸ் நுனி மருந்துக்கு ஒரு சாண் மேலே நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு கம்பியால் பீப்பாய் விளிம்பில் கட்டிவிட்டால் போதும். மருந்து கலக்குவதும் பீப்பாய் கழுவுவதும் ஓடையிலிருந்து 30 மீற்றராவது தள்ளி. வெறும் போத்தலை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை மருந்து தெளிக்கும் தொட்டிக்குள்ளேயே ஊற்றி, போத்தலை ஓட்டை போட்டு ஒதுக்கு. அதில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ எடுக்க விடாதே.

துணி துவைக்கும் இடத்துக்கு ஒரு சீமெந்துத் தரையும் கீழ்நோக்கிய வடிகாலும் வாழைக் கன்றுகளும் போதும். குப்பைப் பள்ளம் ஓடைக்கு மேலே இருந்தால் இடம் மாற்று. பெரிய தொழிற்சாலையோ பண்ணையோ கழிவை ஆற்றில் விட்டால், அது 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்குள் வரும். திகதி, நேரம், படத்தோடு மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு எழுது. வெறும் வாய்ப்பேச்சுக்கு யாரும் வரமாட்டார்கள்.

இப்போது நீ கேட்ட கணக்கு. தொட்டியைக் கழுவி, தண்ணீர் தெளிந்த பிறகுதான். புதிய டிசிஎல் பவுடரில் (பிளீச்சிங் பவுடர்) ஏறக்குறைய 30 சதவீதம் குளோரின். லீற்றருக்கு 2 மில்லிகிராம் என்றால் உங்கள் 5,000 லீற்றர் தொட்டிக்கு 10 கிராம் குளோரின், அதாவது 33 கிராம் பவுடர். கரண்டிக் கணக்கு வேண்டாம். ஒரு முறை கடைத் தராசில் நிறுத்து, அந்த அளவுக்கு ஒரு கோப்பையில் கோடு போட்டு வை. ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து, வெள்ளைச் சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு, மேல்தெளிவை மட்டும் ஊற்று. பிறகு அரை மணி நேரம் யாரும் எடுக்கக்கூடாது. கடைசி வீட்டுப் பைப்பில் மிச்சக் குளோரின் லீற்றருக்கு 0.2க்கும் 0.5 மில்லிகிராமுக்கும் நடுவில் இருந்தால் சரி. அதைப் பார்க்கும் டிபிடி மாத்திரையும் நிறப்பெட்டியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இருக்கும், கேள். கடைசி வீட்டில் ஒன்றும் இல்லையென்றால் பவுடரைக் கூட்டுவதற்கு முன் இடையில் குழாய் கசிகிறதா, தொட்டியில் சேறு இருக்கிறதா என்று பார்.

தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் தொட்டியென்றால், கரைத்த குளோரின் சொட்டுச் சொட்டாக விழும் சொட்டு முறை வேண்டும். 20 லீற்றர் வாளி 40 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு அரை லீற்றர், நாளுக்கு 43,200 லீற்றர். அதற்குத் தினமும் 290 கிராம் பவுடர். திறந்த பை நாளாக நாளாக வலு இழக்கும், காற்றுப் புகாத பிளாஸ்டிக் வாளியில் நிழலில் வை, தகர டின்னில் வைக்காதே. கக்கூஸ் கழுவும் அசிட்டுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் வரும் வாயு ஆளைக் கொல்லும்.

இதெல்லாம் முடியும்வரை குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல். உங்கள் உயரத்தில் தண்ணீர் நூறு பாகைக்கு முன்பே கொதித்துவிடும், அதனால் குமிழி பொங்கத் தொடங்கி மூன்று நிமிடம் விடட்டும்.

பரிசோதனைக்குத் தண்ணீர் அனுப்பும்போது பைப்பை மூன்று நிமிடம் ஓடவிட்டு, அவர்கள் தரும் கிருமிநீக்கிய போத்தலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடு. 100 மில்லிலீற்றரில் ஈ.கோலி என்ற மலக் கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது.

அடுத்த கடிதத்தில் மகள் எழுதிய நேரக் கொப்பியின் நகலையும், மழையில் நீ ஏறி வரையும் படத்தையும் அனுப்பு. திருப்புக் கானை வெட்டிய பிறகு முதல் மழைக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்று அறிய ஆவலாக இருக்கிறேன். வயிற்றோட்டம் வந்த பிள்ளைகளுக்கு இப்போது எப்படி? நீர்ச்சத்துப் பவுடரைக் கொதித்தாறிய தண்ணீரில்தான் கரைக்க வேண்டும் என்று சொல்லிவிடு. அக்காவையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி
மோகன்