கோரிக்கை மனு: தோள்பட்டைக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வசதி வேண்டி மூன்றாம் முறையாக

அனுப்புநர்: மீன் விற்கும் தாயின் மகள், தேவனாம்பட்டினம்.
பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், கடலூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையை ஆடியில் ஒரு முறையும் ஐப்பசியில் ஒரு முறையும் மனுவாகக் கொடுத்தேன். ரசீது இருக்கிறது, பதில் வரவில்லை.

1. என் அம்மா முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்து மஞ்சக்குப்பம் தெருக்களில் கூடையில் சுமந்து விற்பவர். அந்தத் தெருக்கள் தாங்கள் அறிந்தவைதான்.

2. வலது தோளில் வலி வந்ததும் அரசு மருத்துவமனைக்குப் போனோம். மூன்று முறை எக்ஸ்ரே எடுத்தார்கள். மூன்று முறையும் "எலும்பு நல்லாத்தான் இருக்கு" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். தசைநார் வீக்கமும் கோத்திருக்கும் நீரும் அதில் எப்படித் தெரியும்?

3. ஏழு மாதம் ஐயா. வலப்பக்கம் படுக்க முடியாது. தலைமுடியை அள்ளி முடியக் கை எழும்பாது. ரவிக்கை மாட்ட என்னைக் கூப்பிடும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். கூடையைத் தூக்கிவிட ஒரு ஆள், இறக்க ஒரு ஆள். படத்தில் ஒன்றும் இல்லை என்றதால் சொந்தக்காரர்களே "வேலைக்குப் போகச் சோம்பல்" என்றார்கள். இரவு இரண்டு மணிக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுகிறவருக்கா சோம்பல்?

4. கடைசியில் கடன் வாங்கிப் புதுச்சேரியில் தனியாரிடம் ஸ்கேன் பார்த்தோம். டாக்டர் ஜெல் தடவி, கையைத் தூக்கவும் திருப்பவும் சொல்லிக்கொண்டே பார்த்தார். கால் மணி நேரத்தில், தசைநாருக்கு மேலே உள்ள பையில் நீர் கோத்திருக்கிறது என்று திரையில் காட்டினார். அழற்சியால் ரத்த ஓட்டம் கூடிய இடம், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் வசதியில் நிறமாகத் தெரிந்தது. அப்புறம் ஸ்கேனைப் பார்த்தபடியே ஊசியால் நீரை எடுத்தார். ஏழு மாதம் தெரியாதது கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது!

5. நம் மருத்துவமனையிலும் ஸ்கேன் கருவி இருக்கிறது, கர்ப்பிணிகளுக்குத் தினமும் பார்க்கிறார்கள். உடம்பில் வைத்துப் பார்க்கும் கைப்பிடிக் கருவியைப் புரோப் என்கிறார்கள். வயிற்றுக்கு வைக்கும் வளைந்த புரோப் ஆழத்தைப் பார்ப்பதற்கு. தோலுக்கு அருகில் இருப்பதைத் தெளிவாகக் காட்ட நேரான புரோப் வேண்டும். இந்த ஸ்கேனில் கதிர்வீச்சும் கிடையாது. அந்த ஒரு புரோப்பும், தோள் ஸ்கேன் தெரிந்த டாக்டர் வாரத்தில் ஒரு நாளும் போதும். இதைத்தானே மூன்று முறையாகக் கேட்கிறோம்?

எங்கள் ஊரில் வலை இழுப்பவர்களும் தோளைப் பிடித்துக்கொண்டுதான் திரிகிறார்கள். எல்லோரும் கடன் வாங்கிப் புதுச்சேரிக்குப் போக முடியுமா?

தயவுசெய்து அந்தப் புரோப்பை வாங்கித்தர உத்தரவிடுங்கள். முடியாது என்றால் அதையாவது எழுதி அனுப்புங்கள். அம்மாவுக்கு இப்போது இடது தோளும் வலிக்கிறது.

இப்படிக்கு,
மனுதாரர்