தட்டைத் தாண்டி அனுப்பியவன் எழுதுகிறேன்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும் கருப்பட்டிப் பொட்டலமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. கருப்பட்டியில் பாதி ஏற்கெனவே காபியில் கரைந்துவிட்டது. பதில் எழுதத்தான் மூன்று வாரம் ஆகிவிட்டது. மழை, சபைக் கணக்கு, முழங்கால் வலி என்று எதைச் சொன்னாலும் சாக்குதான்.

"பாஸ்டர் போயி எட்டு மாசம் ஆச்சுங்க, யாருவே உங்களைக் கட்டி மேய்க்கது?" என்று கேட்டிருந்தாய். யாரும் இல்லை. உங்கள் பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) ஒரு போதகர் ஐயர் மாறிப்போனால் டயோசிசன் ஆபீஸ் அடுத்தவரை அனுப்பிவிடும். பாப்டிஸ்டுகளான எங்களுக்குப் பிஷப்பும் இல்லை, டிரான்ஸ்பர் ஆர்டரும் இல்லை. ஆளைத் தேடுவது, பிரசங்கம் கேட்டுப் பார்ப்பது, அழைப்பது, சம்பளத்துக்காக அடித்துக்கொள்வது எல்லாமே அங்கத்தினர் கூட்டத்தின் வேலை. பதிவேட்டில் 63 பேர், ஞாயிறன்று வருவது நாற்பது நாற்பத்தைந்து. சபையின் உதவிப் பொறுப்பாளர்களான டீக்கன்கள் மூன்று பேர் முறைவைத்துப் பிரசங்கம் செய்கிறோம். என் முறை வந்தால் இலக்கண வகுப்பில் புணர்ச்சி விதி நடத்துவது மாதிரி இருக்கிறதென்று வீட்டிலேயே சொல்கிறார்கள்.

உன் கடிதத்தின் கடைசி வரிக்கு முதலில் வருகிறேன். "ஒருநாள் உங்க சபைக்கு வரணும், இந்தத் தடவையாவது அப்பம் தருவீங்களா?" விளையாட்டாகத்தான் எழுதியிருப்பாய். என்னால் விளையாட்டாகப் படிக்க முடியவில்லை.

1988. நீ குடும்பத்தோடு கொல்லிமலை பார்க்க வந்து எங்கள் வீட்டில் தங்கினாய். மாதத்தின் முதல் ஞாயிறு, இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து. நான் டீக்கனாகி ஆறே மாதம். அப்பத் தட்டை வரிசையாக நீட்டிக்கொண்டே வந்தவன், நீ கையை ஏந்தியபோது உன்னைத் தாண்டி அடுத்த ஆளிடம் கொடுத்தேன். நீ ஏந்திய கையை அப்படியே கூப்பிக்கொண்டாய், ஜெபம் பண்ணுவது போல. அன்று மத்தியானம் கறிக்குழம்பைப் புகழ்ந்தாய், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று வரைக்கும் பேசவில்லை.

எங்களுக்குச் சுவிசேஷம் கொண்டுவந்தது ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன். 1861-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. ஹாஸ்டலில் அந்தப் பெயரைக் கேட்டு "கையில பிரம்பு வச்சிருப்பாங்களோ" என்று நீங்கள் கேலி பண்ணுவீர்கள். அந்த 'ஸ்ட்ரிக்ட்' பிரம்பைப் பற்றியது இல்லை, பந்தியைப் பற்றியது. தானாக விசுவாசித்து, தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் எடுத்தவருக்கே கர்த்தருடைய பந்தி. கைக்குழந்தையாக நெற்றியில் தண்ணீர் தெளிக்கப்பட்ட உனக்கு இல்லை. அந்த நியாயத்தை வேத வசனத்தோடு என்னால் இப்போதும் அரை மணி நேரம் பேச முடியும். ஆனால் நம் ஊரில் பந்தியில் ஒருவனைத் தாண்டிப் பரிமாறினால் அது வேறு என்னவாகத் தெரியும் என்பது வெள்ளைக்காரருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் தாண்டினேன்.

போன வருஷம் இதைக் கூட்டத்தில் எடுத்தோம். இரண்டு மணி நேரம் பேசி, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம். இன்னும் தள்ளியேதான் கிடக்கிறது.

கூட்டம் என்றதும் கூரைக் கதையைச் சொல்லியாக வேண்டும். சபைக் கட்டிடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஓடு. கீபோர்டு வைக்கிற மூலையில் ஒழுகும். பொருளாளர் என்ற முறையில் நான்கு வருஷம் கஞ்சத்தனம் பண்ணி 1,40,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தேன். 2023-ல் கொத்தனாரிடம் விலை பேசி முடித்த சமயம். மே 3-ஆம் தேதி மணிப்பூரில் மெய்தெய்களுக்கும் குக்கிகளுக்கும் நடுவில் கலவரம் பற்றிக்கொண்டது. 250 பேருக்கு மேல் செத்தார்கள், 60,000 பேர் வரை வீடிழந்து முகாமுக்குப் போனார்கள். குக்கிகளில் நிறையப் பேர் எங்களைப் போல பாப்டிஸ்டுகள். கவுகாத்தியில் நர்ஸாக இருக்கும் எங்கள் சபைப் பெண் ஒருத்தி போன் பண்ணி, முகாம்களில் கம்பளிகூட இல்லை என்று அழுதாள்.

அந்த மாதக் கூட்டத்தில், கட்டிட நிதியில் பாதியை அனுப்ப வேண்டும் என்று பெண்கள் ஐக்கியத்தார் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் கூரையின் கட்சி. ஒழுகும் வீட்டுக்காரன் ஊருக்கு ஓடு வேயப் போவானா என்றுகூடக் கேட்டேன். இன்னொருவர் எழுந்து, "அங்க மெய்தெய்காரங்க கோயிலும்தான் எரிஞ்சிருக்கு, அதுக்கும் சேர்த்தா ஜெபம் பண்றது?" என்றார். எரிந்தது எல்லாப் பக்கமும்தான். மெய்தெய்களில் கிறிஸ்தவர்களாக இருப்பவர்களின் ஆலயங்களையும் அவர்கள் ஆட்களே விட்டுவைக்கவில்லை. அப்போது மட்டும் நான் வாத்தியாராகிவிட்டேன். தாமஸ் ஹெல்விஸ் என்று ஒருவர், இங்கிலாந்தில் முதல் பாப்டிஸ்ட் சபையை 1612-ல் கூட்டியவர். மனுஷனுக்கும் கடவுளுக்கும் நடுவில் ராஜாவுக்கு வேலை இல்லை, துருக்கராக இருந்தாலும் யூதராக இருந்தாலும் தண்டிக்க அவருக்கு அதிகாரம் கிடையாது என்று அந்த ராஜாவுக்கே எழுதிவிட்டு, சிறையில் செத்தார். நம் சபைக்குத் தாத்தாவே அடுத்தவன் கோயிலுக்காகப் பேசித்தான் ஜெயிலுக்குப் போனார் என்றேன். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். என் கட்சிக்காரர்தான் அவர், அதனால் எனக்கு ஒரு ஓட்டுச் சேதம் ஆகியிருக்கலாம்.

கை தூக்கச் சொல்லி எண்ணினேன். 27-க்கு 19. கூரை தோற்றது.

எண்ணும்போது பின்பாயில் ஒரு கை கூடுதலாக நின்றது. எழுபதை நெருங்கிய கொல்லிமலைக்காரம்மா, மகள் வீட்டோடு இருக்கக் கீழே இறங்கி வந்தவர். பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு ஞாயிறு தவறாமல் வருகிறவர்தான், ஆனால் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கவில்லை, அங்கத்தினர் கிடையாது. "அம்மா, உங்க கை சேராது, எறக்கிருங்க" என்றேன். இறக்கிவிட்டார். கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது வந்து நின்றார். "எறக்குன்னு சொன்னீங்களே வாத்தியாரே, எறக்காம இருக்க நான் என்ன பண்ணோணும்?"

"முழுக்கு எடுக்கணும்மா."

"அப்பக் குடுங்க."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இரட்சிப்பைப் பற்றிய கேள்வியா இது, ஓட்டுரிமையைப் பற்றியதா? ஆந்திராப் பக்கத்து ஓங்கோல் கதை ஞாபகம் வந்தது. 1876-78 பஞ்சத்தில் கிளவ் என்ற மிஷனரி பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு துண்டைத் தோண்டக் காண்ட்ராக்ட் எடுத்து ஜனங்களுக்கு வேலை கொடுத்தார். அவர்கள் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் கேட்டபோதும், சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாதென்று பஞ்ச வேலை முடியும்வரை கொடுக்கவில்லை. நானும் பொறுங்கள் என்றேன். ஆயத்த வகுப்பு நடந்தது, நடுவில் அவருக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் போதகர் போய்விட்டார். இழுத்துக்கொண்டே போயிற்று.

இதற்கிடையில் புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் அந்தம்மாவை நீ பார்த்திருக்க வேண்டும். பர்மாவின் வடக்கே கச்சின் மாநில பாப்டிஸ்டுகளின் தலைவராக இருந்த கலாம் சாம்சனை 2022 டிசம்பரில் ராணுவ ஆட்சிக்காரர்கள் பிடித்து, ஆறு வருஷத் தண்டனை போட்டார்கள். அவர் பெயரை ஜெபக் குறிப்பில் எழுதியிருந்தேன். நம் வேதத்தில் சாம்சன் ஏது, சிம்சோன்தானே. அதனால் பாட்டிமார் எல்லாரும் "சிம்சோன் ஐயாவைக் கட்டவிழ்த்துவிடும் ஆண்டவரே" என்று வாரா வாரம் ஜெபித்தார்கள். 2024 ஏப்ரலில் விட்டு, சில மணி நேரத்திலேயே மறுபடி பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் புதன்கிழமை மலைக்காரம்மா ஆண்டவரிடம் சண்டையே போட்டுவிட்டார். ஜூலையில் நிஜமாகவே விட்டார்கள். கச்சின் எந்தத் திசையில் இருக்கிறதென்று இவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அன்று ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து பங்கிட்டார்கள்.

போன மாதம்தான் அந்தம்மா சபைக்கு முன் சாட்சி சொன்னார். எங்கள் முறை அது. முழுக்குக் கேட்கிறவர் சபை நடுவில் நின்று சொல்ல வேண்டும், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டுத் தீர்மானிப்போம். சின்னப் பிள்ளையாக இருந்தபோது குதிரையில் வரும் வெள்ளைக்காரக் கிழவியைப் பார்க்க ஓடுவார்களாம். அது எங்கள் மிஷனின் எவலின் பிராண்ட் அம்மாதான். அவர் கணவர் ஜெஸ்ஸி 1929-ல் மலைக் காய்ச்சலில் செத்து கொல்லிமலையிலேயே அடக்கமானவர். வேலூரில் தொழுநோயாளிகளின் கைக்கு ஆபரேஷன் செய்து பேர் வாங்கிய டாக்டர் பால் பிராண்ட் இவர்கள் மகன், 1914-ல் பிறந்து சின்ன வயதில் கொல்லிமலையில் வளர்ந்தவர். எவலினம்மாவுக்கு எழுபது நெருங்கும்போது மிஷன் ஓய்வு கொடுத்தது. அவரோ ஊருக்குத் திரும்பாமல், மட்டக்குதிரையில் ஏறித் தனியாக மலை மலையாகச் சுற்றினார். 1974-ல் 95 வயதில் செத்து, புருஷன் பக்கத்திலேயே மலையில் கிடக்கிறார். இன்று எழுபது ஊசி வளைவில் பஸ் ஏறி இறங்குவதற்கே எனக்குக் குமட்டுகிறது.

"அந்தக் கெழவி எங்க அம்மா கால்ல இருந்த நரம்புச் சிலந்திப் புழுவ எடுத்துவுட்டுது. அப்பவே ஏசு சாமி நல்ல சாமின்னு எங்கம்மா சொல்லுச்சு. எனக்குத்தான் வர இத்தன நாளு ஆச்சு" என்றார். யாரோ, "கை தூக்கறதுக்குத்தான் முழுக்குக் கேக்கறீங்களாமே?" என்று கேட்டேவிட்டார்கள். அந்தம்மா கொஞ்சம் யோசித்தார். "வூட்டு ஆளுன்னா வூட்டுப் பேச்சுல சேத்துக்க மாட்டீங்களா?" என்றார். வெளியே அனுப்பினோம். எதிர்ப்பு ஒரு கைகூட இல்லை.

போதகர் இல்லையே, முழுக்கை யார் கொடுப்பது? சபை தீர்மானித்தால் டீக்கன் கொடுக்கலாம் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். 1609-ல் ஆம்ஸ்டர்டாமில் பாப்டிஸ்டுகளின் முன்னோடி ஜான் ஸ்மித்துக்கும் இதே சிக்கல்தான். குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்றால் செல்லும் ஞானஸ்நானம் பெற்றவர் யாரும் கிட்டத்தில் இல்லையே, யார் கொடுப்பது? தனக்குத் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பிறகு மற்றவர்களுக்குக் கொடுத்தார். அவசரப்பட்டுவிட்டோமோ என்று அப்புறம் அவரே வருந்தினார் என்பது தனிக் கதை.

மேடைப் பலகைகளைக் கழற்றினால் அடியில் தொட்டி. சனிக்கிழமை ராத்திரி மோட்டார் காயில் கருகிவிட்டது. விடியற்காலையில் டேங்கர் சொல்லி ஊற்றியும் தொடை அளவுக்குமேல் ஏறவில்லை. ஓங்கோல் பக்கம் குண்டலகம்மா ஆற்றில் 1878 ஜூலை 3-ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேருக்குக் கொடுத்தார்களாம், எங்களுக்கு ஒருவருக்கே தண்ணீர் போதவில்லை. வெள்ளைச் சேலை மிதக்காமல் இருக்கப் பெண்கள் கொசுவத்தை ஊக்குப் போட்டுக் கட்டியிருந்தார்கள். படியில் இறங்கியதும் அந்தம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வாட்ச் வார் அறுந்தது. "மூக்கைப் பொத்திக்கங்கம்மா" என்றேன். என் குரல்தான் நடுங்கியது. தண்ணீருக்குள் உட்காரச் சொல்லிப் பின்பக்கமாகச் சாய்த்தேன். முகம் முழுகிவிட்டது, முழங்கால் இரண்டும் வெளியே நின்றன. அவ்வளவுதான் தண்ணீர். எழுந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆச்சா?" என்றார். ஆச்சு என்றேன். முழங்கால் முழுகாதது செல்லுமா என்று ஒரு டீக்கன் பிறகு என்னிடம் ரகசியமாகக் கேட்டார். எங்கள் ஆட்கள் இப்படித்தான்.

அன்றைக்கே திருவிருந்து. அந்தம்மாவுக்கு முதல் அப்பம். தட்டை நீட்டியபோது எனக்கு உன் கைதான் தெரிந்தது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேலே ஆகிவிட்டது, மன்னித்துவிடு.

உன் பேரனுக்கு ஞானஸ்நானம் வைத்ததற்கு என்னை ஏன் கூப்பிடவில்லை? முகத்தைச் சுளிப்பேன் என்று நினைத்தாயா? என் மகளைச் சி.எஸ்.ஐ. வீட்டில்தான் கொடுத்திருக்கிறேன். அவள் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் போய், குழந்தையின் தலையைத் துவட்டித் துண்டோடு நின்றவன் நான். பிரியாணியும் நன்றாக இருந்தது.

ஜனவரிக் கூட்டத்தில் இரண்டு விஷயம். ஒன்று, புதுப் போதகரை அழைப்பது. இரண்டு பேர் வந்து பிரசங்கம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் நன்றாகப் பேசுகிறார், இன்னொருவர் நன்றாகக் கேட்கிறார். இரண்டாவது, தள்ளிவைத்த பந்தி. விசுவாசி எந்தச் சபைக்காரராக இருந்தாலும் அப்பம் கொடுக்கலாம் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். தலையை எண்ணிப் பார்த்தால் சரிபாதியாக நிற்கிறது. மலைக்காரம்மா நேற்று வந்து, "எதுக்குக் கை தூக்கோணும்னு சொல்லுங்க வாத்தியாரே" என்றார். சொல்லக் கூடாதும்மா, ஆண்டவரைக் கேட்டு நீங்களே தூக்குங்கள் என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. முழுக்கு எடுக்கத் தான் பட்ட பாட்டை நினைத்தால், எடுக்காதவனுக்கு எதற்கு என்று சொன்னாலும் சொல்லிவிடுவார்.

எதற்கும் பிப்ரவரி முதல் ஞாயிறு இங்கே இருக்கிற மாதிரி வா. கூரை இன்னும் மாற்றவில்லை, கீபோர்டு பக்கம் உட்காராதே. வரும்போது இன்னும் இரண்டு கிலோ கருப்பட்டி.

உன்
ஹாஸ்டல் கட்டில் பங்காளி