வெளிநாட்டிலிருந்து ஆள் வந்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் குறித்துப் பெற்றோருக்கு

நாள்: 06.12.2021

அன்புடைய பெற்றோருக்கு, வணக்கம்.

கடந்த வெள்ளிக்கிழமை காலை, கை கழுவிவிட்டு வகுப்புக்குள் நுழைந்த ஒரு மாணவனிடம் கோடாலித் தைல வாசம் வீசியது. கையில் காந்த மூடி வைத்த புதுப் பென்சில் பெட்டி. "அத்தா சிங்கப்பூரிலிருந்து வந்துட்டாங்களா?" என்று வகுப்பாசிரியர் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். பிள்ளை பெட்டியைப் பைக்குள் தள்ளிக்கொண்டு, "வரலை டீச்சர், இது பழசு" என்று சொன்னான். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைக்கூட அவன் இன்னும் கிழிக்கவில்லை.

அந்தப் பொய் அவனுடையது அன்று. வீட்டில் சொல்லி அனுப்பியது. எந்த வகுப்பு, எந்தத் தெரு என்று இங்கே எழுதப்போவதில்லை, யாரும் கேட்கவும் வேண்டாம். சொல்லி அனுப்பிய தாயையும் நான் குறை கூறமாட்டேன். 2020 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டப்பட்டதையும், தெருமுனையில் தகரம் அடிக்கப்பட்டதையும், பால் ஊற்றுகிறவர் அந்த வாசலைத் தாண்டிப் போனதையும் நாம் அனைவரும் பார்த்தோம். அந்த அவமானம் மறக்காதவர்கள் இந்தமுறை மறைக்க நினைப்பது இயல்புதான். ஆனால் அந்த மறைப்பைச் சுமந்துகொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பது பிள்ளை என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் இப்போதுள்ள விதியைச் சொல்லிவிடுகிறேன். ஒமிக்ரான் என்று பெயரிடப்பட்ட புதிய வகை கொரோனா வைரஸ் காரணமாக, டிசம்பர் 1 முதல் மத்திய அரசு சில நாடுகளை அபாயப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதில் சிங்கப்பூரும் இருக்கிறது. அங்கிருந்து வருகிறவர் புறப்படுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர் சான்றையும், கடைசி 14 நாள் பயண விவரத்தையும் மத்திய அரசின் ஏர் சுவிதா இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இங்கே இறங்கியதும் மறுபடி பரிசோதனை செய்து, முடிவு தெரிந்த பிறகே விமான நிலையத்தைவிட்டு வெளியே வர முடியும். தொற்று இல்லை என்று வந்தாலும் ஏழு நாள் வீட்டில் தனித்திருந்து, எட்டாம் நாள் இன்னொரு முறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வளைகுடா நாடுகள் இன்றைய தேதியில் அந்தப் பட்டியலில் இல்லை. அங்கிருந்து வருகிறவர்கள் 14 நாள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே கவனித்துக்கொண்டால் போதும்.

"திருச்சி விமான நிலையத்திலேயே நெகட்டிவ் என்று வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு ஏழு நாள்?" என்று இரண்டு தாய்மார்கள் என்னிடம் கேட்டார்கள். கிருமி உடலில் புகுந்த முதல் சில நாட்களில் பரிசோதனையில் அகப்படாமல் போகலாம். அதற்காகத்தான் எட்டாம் நாள் மறுபரிசோதனை. நம் வீடுகளில் தனி அறை என்பது பல இடங்களில் பெயரளவுக்குத்தான் என்பதும், இரண்டு வருடம் கழித்து வந்த தகப்பனிடமிருந்து பிள்ளையைத் தள்ளி உட்காரச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே பள்ளியின் முடிவு இது: சிங்கப்பூரிலிருந்தோ பட்டியலில் உள்ள வேறு நாட்டிலிருந்தோ ஆள் வந்திருக்கும் வீட்டுப் பிள்ளை, எட்டாம் நாள் முடிவு வரும்வரை பள்ளிக்கு வர வேண்டாம். மாலையில் நடக்கும் இல்லம் தேடிக் கல்வி வகுப்புக்கும் அனுப்ப வேண்டாம். அந்த நாட்களின் பாடக் குறிப்புகள் கைப்பேசிக்கு வந்துசேரும். கைப்பேசி இல்லாத வீட்டுக்கு அச்செடுத்த தாள்களை நாங்களே கொடுத்தனுப்புவோம். இந்த விடுப்பால் பிள்ளைக்கு எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வகுப்பில் எந்தக் காரணமும் அறிவிக்கப்படாது.

நம் கடற்கரைக்கு இது புதிய அனுபவமும் அன்று. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களைக் கடல் தாண்ட விடுவதற்கு முன்பாகவே, இலங்கை அரசு இங்கே மண்டபத்தில் முகாம் வைத்து நிறுத்தியது. காலராவும் அம்மையும் தன் தீவுக்கு வந்துவிடக் கூடாது என்பது அதன் அச்சம். அம்மை குத்தி, சில நாள் வைத்துப் பார்த்த பிறகே அனுப்பினார்கள். மண்டபம் கேம்ப் என்று ரயில் நிலையத்துக்கு இன்றும் வழங்கும் பெயர் அப்படி வந்ததுதான். என் பாட்டியின் தமக்கை அந்த முகாமில் இருந்துவிட்டுப் போனவர் என்று வீட்டில் சொல்வார்கள். நோய்க்காரியாக அல்ல, நோய் இல்லை என்று காட்டுவதற்காக.

இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 23 நள்ளிரவு தொடங்கி அக்டோபர் 26 வரை, இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குச் சிங்கப்பூர் கதவைச் சாத்தியிருந்தது. விடுமுறைக்கு வந்த இடத்தில் மாட்டிக்கொண்டு, வேலை பெர்மிட் என்ன ஆகுமோ என்று ஆறு மாதம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! அன்று நாம் அவர்கள் பட்டியலில் இருந்தோம், இன்று அவர்கள் நம் பட்டியலில் இருக்கிறார்கள், நாளை இது மாறலாம். பட்டியலில் இருப்பது யாருடைய குணத்துக்கும் கொடுக்கப்பட்ட சான்றிதழ் இல்லை.

இன்னும் வராத தகப்பன்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "சபுர் போன அத்தா ஏன் லீவுக்குக்கூட வரலை?" என்று, வெளிநாடு போன தகப்பனைப் பற்றிக் கேட்கும் பிள்ளைகளிடம் வேலை அதிகம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். உண்மையையே சொல்லலாம். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூர் முழுவதும் முடக்கத்தில் இருந்தது. அந்த ஆண்டு அங்கே தொற்று கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஓர் அறைக்குப் பலராக டார்மிட்டரி எனும் விடுதிகளில் தங்கியிருந்த தொழிலாளர்களே. அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அவர்களுக்கு வேலையிடமும் டார்மிட்டரியும்தான் உலகம். தடுப்பூசி போட்டவர்களில் நாளொன்றுக்கு 3,000 பேர் எட்டு மணி நேரம் வெளியே போய்வர அனுமதி கிடைத்ததே கடந்த அக்டோபர் 30 முதல்தான். அங்குள்ள தேக்கா கடைத்தெருவுக்குப் போய்வந்ததைச் சொல்லி வீடியோ அழைப்பில் ஒரு தகப்பன் கண்கலங்கினார் என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார்.

அரையாண்டு விடுமுறையில் பிள்ளையைச் சிங்கப்பூருக்கு அழைத்துப்போக எண்ணி நான்கு பேர் விடுப்புக் கேட்டிருக்கிறார்கள். தனிமைப்படுத்தல் இல்லாத பயணவழி நவம்பர் 29 முதல் சென்னையிலிருந்தும் திறந்திருப்பது உண்மை. ஆனால் அது தடுப்பூசி முழுமையாகப் போட்டவர்களுக்கானது. போடாத பிள்ளைகளில் 12 வயது வரை உள்ளவர்களே பெரியவர்களுடன் அதில் போகலாம். நம் நாட்டில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தடுப்பூசி இன்னும் தொடங்கவில்லை என்பதால், எட்டாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு அந்த வழி இல்லை. முன்அனுமதியும் மருத்துவக் காப்பீடும் வேண்டும். இன்று நள்ளிரவு முதல் அங்கே இறங்கியவர்கள் ஏழு நாளும் தினசரி பரிசோதித்துக்கொள்ளவும் வேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் கட்டிய பிறகு ஏஜெண்டிடம் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட முன்பே கேட்டுவிடுவது நல்லது. விதி வாரத்துக்கொரு முறை மாறுகிறது; போன மாதம் போய்வந்தவர் சொல்லும் தகவலை நம்பிப் புறப்பட வேண்டாம்.

வீட்டுக்கு ஆள் வரப்போவது தெரிந்தால், வகுப்பாசிரியருக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும். எழுதத் தயக்கமாக இருந்தால் காலை ஒன்பது மணிக்கு முன் என் அறைக்கு நேரில் வந்து சொல்லலாம்; பதிவேட்டில் நானே குறித்துக்கொள்வேன், அது மேசை இழுப்பறையைவிட்டு வெளியே போகாது. எட்டாம் நாள் முடிவு வந்ததும் அதன் நகலைக் காட்டிவிட்டுப் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பலாம். புதுப் பென்சில் பெட்டியையும் கொடுத்தே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்