லிராவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். வட உகாண்டாவில் இந்த லிராவில் மழை தொடங்கிவிட்டது. சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். மக்காச்சோள மாவில் களி கிண்டி 'போஷோ' என்று தருகிறார்கள், பீன்ஸ் குழம்பு ஊற்றினால் இறங்கிவிடுகிறது.

வந்த வாரமே ஒரு கிராமத்தில் அடிபம்பைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். நம் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கிற அதே இந்தியா மார்க் 2! 1970களில் யுனிசெஃப் உதவியோடு உருவாக்கி, கோவைப் பக்கம் போட்டுச் சோதித்தார்கள் என்பீர்களே, அதுதான். இங்கே அதற்கு 'யூ2' என்று பேர். உகாண்டாவின் யூ.

அடித்தால் தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி வந்தது. போர்வெல் சரியில்லை என்றேன். (போர் வண்டிக்காரன் மகனுக்கு அடுத்தவன் போட்ட போரில்தானே முதலில் குறை தெரியும்!) உள்ளூர் மெக்கானிக், ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா, பைப்பை மேலே ஏற்றச் சொன்னார். முக்காலி போட்டு, மூன்று மீட்டர் ஜிஐ பைப்புகளை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களை, ஒவ்வொன்றாகக் கழற்றினோம். நான்காவது பைப்பை அவர் கட்டைவிரலால் அழுத்தினார். அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

இங்கே நிலத்தடி நீரில் அமிலத்தன்மை அதிகம். முதலில் துத்தநாகப் பூச்சு போகும், அப்புறம் இரும்பு. நம் ஊர் உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்காக நிற்கிற பைப்தான். தண்ணீரைச் சோதிக்காமல், அங்கே போட்டதை அப்படியே இங்கேயும் இறக்கிவிட்டு, ரிப்பன் வெட்டிவிட்டுப் போயிருக்கிறது ஏதோ ஒரு உதவித் திட்டம். டீ கறுக்கிறது, வெள்ளைத் துணி மஞ்சளாகிறது என்று பெண்கள் மஞ்சள் ஜெர்ரி கேனைத் தூக்கிக்கொண்டு பழைய சதுப்பு ஊற்றுக்கே போய்விட்டார்கள்.

இப்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் போடச் சொல்கிறார்கள். விலை கேட்டால் மயக்கம் வருகிறது. ஊர்க் கமிட்டி ஆறு மாதமாகக் காசு சேர்க்கிறது. பம்புக்குள் தண்ணீரை இழுக்கிற பக்கெட் வாஷர் ஒன்று தேய்ந்தால்கூட நல்லதாக வேண்டுமென்றால் கம்பாலாவுக்கு ஒரு பகல் பஸ் பயணம். பயிற்சி கொடுக்க வந்தவன் என்றுதான் என் ஆர்டரில் இருக்கிறது. அந்த அம்மாவோ பைப்பைக் கையில் வாங்கிய எடையிலேயே எது அரித்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறார், எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

உங்கள் ஊரிலும் இந்தப் பம்புதானா என்று கேட்டார். எல்லாரும் மோட்டார் போட்டுவிட்டோம், அடிக்க ஆளில்லை என்றேன். நம்பவில்லை. பள்ளிக்கூடத்துப் பம்பு இன்னும் தண்ணீர் தருகிறதா என்று நாலு அடி அடித்துப் பார்த்து, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

உங்கள் மகன்