ஈசியூ அப்டேட்டுக்கு முன் பானெட்டைத் திறந்து பாருங்கள்

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்களின் ஒர்க்‌ஷாப் மேனேஜர்களுக்கும் சர்வீஸ் அட்வைசர்களுக்கும்,

வணக்கம். சர்வீஸுக்கு வந்த வண்டியின் ஈசியூவில், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரில், புதிய சாஃப்ட்வேரை ஏற்றி அனுப்புகிறீர்கள். மறுநாளே அது கரும்புகை கக்கிக்கொண்டோ, ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்கிக்கொண்டோ, பவரைக் குறைத்துவிடும் லிம்ப் மோடில் ஊர்ந்துகொண்டோ திரும்பி வருகிறது. ஸ்கேனர் காட்டும் எரர் கோடைப் பார்த்து ஆக்சிஜன் சென்சார் மாற்றுகிறீர்கள், பிளக் மாற்றுகிறீர்கள், த்ராட்டில் பாடியைக் கழுவுகிறீர்கள். குறை போவதில்லை. போகாது, அந்தச் சாமான்களில் எதுவும் கெடவில்லை.

அந்த வண்டியில் ரீமேப் செய்த ஃபைல் இருந்தது, அதாவது எஞ்சினுக்கான கணக்குகளை (மேப்) யாரோ மாற்றி எழுதியிருந்தார்கள். அப்டேட் அதை அழித்துவிட்டு கம்பெனி மேப்பை எழுதியது. பானெட்டுக்குக் கீழே மாற்றிய சாமான்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. மேப்பை மட்டும் மாற்றிய ஸ்டேஜ் 1 வண்டி என்றால் பிக்கப் போச்சு என்ற புலம்பலோடு முடிந்துவிடும். இன்ஜெக்டரோ இன்டேக்கோ சென்சாரோ மாறியிருந்தால்தான் வம்பு.

நிமிடத்துக்கு 380 சிசி இன்ஜெக்டரை எடுத்துவிட்டு 550 சிசி போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி மேப் பழைய கணக்கிலேயே அதே மில்லிசெகண்ட் திறக்கும். பெட்ரோல் 45% கூடுதலாக இறங்கும். ஆக்சிஜன் சென்சார் சூடானதும் ஃப்யூயல் ட்ரிம் (ஈசியூ தானாகச் செய்யும் பெட்ரோல் திருத்தம்) குறைக்கப் பார்க்கும். சரிக்கட்ட 31% குறைக்க வேண்டும். பல ஈசியூக்களில் ட்ரிம் 25 சதவீதத்தோடு நின்றுவிடும். மிச்சம் 8, 9 சதவீதம் ரிச்சாகவே (பெட்ரோல் மிகுந்து) ஓடி பி0172 கோடு விழும். கோல்டு ஸ்டார்ட்டில் இந்தத் திருத்தமும் கிடையாது. "காலைல ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது, கொஞ்சம் ஓடினா பரவாயில்ல" என்று ஓனர் சொல்வது இதைத்தான். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் மட்டமும் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், சிலிண்டர் சுவரைக் கழுவிய பெட்ரோல் கீழே இறங்கிவிட்டது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் டெஸ்ட் டிரைவ் போகாதீர்கள்.

இன்டேக் பெரிதானால் கதை தலைகீழ். ஏர் ஃப்ளோ மீட்டர் உட்காரும் குழாய் 63 மிமீயிலிருந்து 76 மிமீ ஆகியிருந்தால் குறுக்குப் பரப்பு 45% கூடியிருக்கும். அதே காற்று மெதுவாகப் போவதால் மீட்டர் சுமார் 30% குறைத்துச் சொல்லும். வண்டி லீனாக (பெட்ரோல் குறைந்து) ஓடி, பி0171 விழுந்து, திணறி நிற்கும்.

எங்களுக்கு அதிகம் பயம் தருவது மேனிஃபோல்டு பிரஷர் சென்சார்தான், ஏனென்றால் இதில் பெரும்பாலும் கோடே விழாது. 2.5 பார் சென்சாருக்குப் பதில் 3 பார் சென்சார் போட்ட வண்டியில் கம்பெனி மேப் இருந்தால், உண்மையான அழுத்தத்தில் ஏறத்தாழ 83% மட்டுமே ஈசியூவுக்குத் தெரியும். 2 பார் வேண்டும் என்று அது டர்போவை விரட்டும்போது உள்ளே 2.4 பார் ஏறியிருக்கும். ஸ்கேனரில் இலக்கும் அளவும் ஒத்துப்போகும். ஓவர்பூஸ்ட் கோடு எங்கிருந்து வரும்? பிரஷரை வைத்தே பெட்ரோலைக் கணக்கிடும் வண்டியாக இருந்தால் பூஸ்ட் கூடிய அதே நேரத்தில் பெட்ரோல் குறையும். நாக் ஆகி, அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடித்து, பிஸ்டன் போவது அங்கேதான்.

கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப், லைவ் டேட்டாவில் மேனிஃபோல்டு பிரஷரைப் பாருங்கள். சென்னையில் 100 கிலோபாஸ்கல், கோவையில் 96 சொச்சம் காட்ட வேண்டும். கோவையில் நிற்கும் வண்டி 80 என்று காட்டினால், அது தன்னைக் குன்னூரில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

டீசலில் இஜிஆரை (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பும் வால்வு) அடைத்து டிபிஎஃப்பை (புகைக்கரி ஃபில்டர்) கழற்றியிருந்தால், அப்டேட்டோடு கண்காணிப்பும் திரும்பி வந்துவிடும்: பி0401, பி2002, பிறகு லிம்ப் மோடு. இதற்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இப்படிப்பட்ட மாற்றங்களை அனுமதிப்பதில்லை. 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ ஓனருக்குக் கிடைக்கலாம். கழற்றியதை மாட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். சென்சார் சிக்னலை மாற்றிக் காட்டும் டியூனிங் பாக்ஸ் மாட்டிய வண்டியில் பாக்ஸைப் பிடுங்கிவிட்டு பைபாஸ் பிளக்கைச் செருகிய பிறகே டயக்னோசிஸ் தொடங்குங்கள்.

அப்டேட்டே போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. 2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் இந்தியாவில் 3,23,700 டீசல் கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்ததைப் போன்ற ரீகாலை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. நாங்கள் கேட்பது வேறு. எழுதும் முன் ஸ்கேனரில் ஓபிடி மோடு 09க்குப் போய் கேலிப்ரேஷன் ஐடியையும் (சாஃப்ட்வேரின் அடையாள எண்) சிவிஎன்னையும் (உள்ளடக்கம் மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) படித்து ஜாப் கார்டில் எழுதுங்கள். ஐடி சரியாக இருந்து சிவிஎன் மட்டும் கம்பெனிப் பட்டியலோடு ஒத்துவராவிட்டால், உள்ளே யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். உடனே ஓனரைக் கூப்பிட்டு இன்ஜெக்டர், இன்டேக், டர்போ, சென்சார் பற்றிக் கேளுங்கள். வாரண்டி போய்விடும் என்று பயந்து பலர் மறைப்பார்கள். பாதித் தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. எழுதும்போது பேட்டரியோடு ஸ்டெபிலைஸ்டு சப்ளை இருக்கட்டும். சாதாரண சார்ஜர் போதாது. முடிந்ததும் த்ராட்டில் அடாப்டேஷன் (த்ராட்டிலின் நிலையை ஈசியூவுக்கு மறுபடி பழக்குவது) செய்யுங்கள், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல். ஐடில் ஆட்டம் இதிலேயே நின்றுவிட்டால் மேலே சொன்னதெல்லாம் உங்களுக்குத் தேவைப்படாது.

சாமான் மாற்றிய வண்டி ஏற்கெனவே அப்டேட் ஆகிவிட்டது என்றால், ஓட்டிக்கொண்டு போகச் சொல்லாமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றி ரீமேப் செய்தவரிடம் அனுப்புங்கள். பழைய டியூன் ஃபைலை அப்படியே திரும்ப எழுதுவதும் சரியல்ல. அது பழைய சாஃப்ட்வேர் வெர்ஷனுக்காகச் செய்தது. முழு ஃபைலையும் எழுதினால் ரீகாலில் வந்த திருத்தம் போய்விடும். மேப் பகுதியை மட்டும் புதிய வெர்ஷனில் ஒட்டினால் முகவரிகள் இடம் மாறி வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். புதிய வெர்ஷனைப் படித்து, அதன் மேல் இன்ஜெக்டர் அளவையும் சென்சார் அளவீட்டையும் மறுபடி அமைக்க வேண்டும். அதற்கு எங்களுக்கு வேண்டியது பழைய, புதிய வெர்ஷன் எண்கள் இரண்டும். "சாஃப்ட்வேர் அப்டேட் – 1" என்று பில் போடும் இடத்தில் அவற்றையும் அச்சடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கோவையில் ஈசியூ வேலை செய்யும் சிலர்