கல்லூரிகளில் படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சட்டப்படி உள்ள வசதிகளை நடைமுறைப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்
ஈரோடு மாவட்டக் கல்லூரிகளில் படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவ, மாணவியர்
(பெயர், கல்லூரி, கையொப்பம் தனித்தாளில்)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
ஈரோடு.

பொருள்: மாற்றுத்திறனாளி மாணவர்கள் – கல்லூரித் தேர்வு, பாடக் குறிப்புகள், கட்டட வசதி, வருகைப் பதிவு, வேலைவாய்ப்பு – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அந்தியூர், கோபி, சத்தி, பவானி, பெருந்துறை, கொடுமுடி என்று மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் கல்லூரிக்கு வந்து போகிற மாணவர்கள் சேர்ந்து இந்த மனுவைத் தருகிறோம். பார்வை இல்லாதவர்கள், குறைந்த பார்வை உள்ளவர்கள், காது கேளாதவர்கள், சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் வருபவர்கள், தலசீமியா என்ற இரத்தக் குறைபாடு போல வெளியே தெரியாத பாதிப்பு உள்ளவர்கள் என எல்லோரும் எங்களில் உண்டு. மனுவை எழுதும் நான் பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு. குறைந்த பார்வை உள்ளவன். மற்றவர்கள் சொன்னதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரிய திட்டம் எதையும் புதிதாகக் கேட்டு நாங்கள் வரவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் எங்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்கச் சொல்கிறது. எங்களில் பலர் கல்லூரியில் கால் வைத்ததே அதனால்தான். கல்வி உதவித்தொகை உண்டு. பார்வையற்றவர்களுக்கு வாசிப்பாளர் உதவித்தொகை உண்டு. சாதாரண டவுன் பஸ்ஸில் எங்களுக்கும் உடன் வரும் துணையாளருக்கும் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இதற்கெல்லாம் நன்றியோடுதான் இருக்கிறோம். ஆனால் சேர்க்கை முடிந்ததும் எங்களைப் பற்றிய கணக்கும் முடிந்துவிடுகிறது. வகுப்பு, தேர்வு, கழிப்பறை, நூலகம் என்று அன்றாடம் போய் நிற்கிற இடங்களில் ஆணைகள் என்ன சொல்கின்றன என்று யாருக்கும் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் அது இன்னொருவர் வேலை என்று இருந்துவிடுகிறார்கள்.

எங்களை அதிகம் வாட்டுவது தேர்வுதான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுத முடியாதவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர் ஒருவரைத் தர வேண்டும் என்று மத்திய சமூகநீதி அமைச்சகம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. எழுதுபவரை மாணவரே அழைத்து வரலாம், அல்லது தேர்வு நடத்துபவர்கள் வைத்திருக்கும் பட்டியலிலிருந்து கேட்டுப் பெறலாம். பட்டியலிலிருந்து வருபவரைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே சந்தித்து, நமக்குச் சரிப்பட்டு வருவாரா என்று பார்த்துக்கொள்ளலாம். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வென்றால் நான்கு மணி நேரம். கணினியில் எழுத விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது.

நடப்பது வேறு. எங்களில் பலருக்கு எழுதுபவர் யார் என்பது தேர்வு நடக்கும் காலையில்தான் தெரிகிறது. பட்டியல் என்று ஒன்றைக் கண்ணால் கண்டவர் இல்லை. கடைசி நேரத்தில் பக்கத்துப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார வைப்பார்கள். அந்தப் பிள்ளைமேல் தப்பில்லை. ஆனால் இலக்கணத் தாளில் நான் ஒரு சூத்திரத்தைச் சொல்லச் சொல்ல, "அண்ணா, இதுக்குப் பெரிய றவா, சின்ன ரவா?" என்று சொல்லுக்குச் சொல் கேட்டால், தெரிந்த விடையைக்கூட எழுதி முடிக்க முடியாது. பொருளியல் படிக்கும் நண்பருக்கு, 'தேவை வளைகோடு' என்ற வரைபடக் கோடு எப்படி இறங்கும் என்பதை வாயால் விளக்கியே பாதி நேரம் போனது. கூடுதல் நேரத்தைக் கேட்டால், "எல்லோரும் போயிட்டாங்க, பேப்பரைக் கட்டணும்" என்று விடைத்தாளை வாங்கிக்கொள்கிறார்கள். கண்காணிப்பாளரிடம் எழுத்தில் எதுவும் இல்லாதபோது அவரைச் சொல்லியும் பயனில்லை.

சரி, பாதிப்பின் சதவீதம் குறைவாக உள்ளவர்கள் என்ன செய்வது? சான்றிதழில் 40 சதவீதம் இல்லாவிட்டால் எழுதுபவர் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எழுத உட்கார்ந்தால் கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள விகாஷ் குமார் என்பவர் தொடுத்த வழக்கில், 40 சதவீத வரம்பைக் காட்டி எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தீர்ப்பின் நகலை இணைத்திருக்கிறோம். ஒவ்வொரு தேர்வுக்கும் இதை நாங்களே கையில் வைத்துக்கொண்டு போய்ப் பேராசிரியர்களுக்கு விளக்கும் நிலை இருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் எண்ணம்.

ஆகவே, பருவத் தேர்வுக்கு முன்பே ஒவ்வொரு கல்லூரியும் எழுதுபவர் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். அதே பாடத்தைப் படித்தவர் எழுதினால் அவரே பதில் சொல்லிக்கொடுத்துவிடுவார் என்ற பயம் கல்லூரிகளுக்கு இருக்கிறது. அது நியாயம்தான். அதற்காகத் தமிழைப் பிழையில்லாமல் எழுதத் தெரியாதவரை அனுப்புவது தீர்வாகாது. வேறு துறையில் படிக்கும் கல்லூரி மாணவர்களை, நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர்களிடமிருந்து தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் பிரச்சினை இல்லை. கூடுதல் நேரம் எவ்வளவு என்பதை மாணவரின் நுழைவுச்சீட்டிலேயே அச்சிட்டுவிட்டால் தேர்வுக் கூடத்தில் வாக்குவாதமே வராது. இதைப் பல்கலைக்கழகம்தான் செய்ய வேண்டும் என்பது தெரியும். தங்கள் பரிந்துரைக் கடிதம் ஒன்று போனால் போதும் என்று நம்புகிறோம்.

அடுத்தது பாடக் குறிப்புகள். பார்வையற்ற மாணவர் என்றால் பிரெயில் புத்தகம் வேண்டும் என்றே பலரும் நினைக்கிறார்கள். இன்றைக்கு எங்களில் பெரும்பாலோர் செல்போனிலும் கணினியிலும், திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பான் போட்டுக் கேட்டுத்தான் படிக்கிறோம். அப்படிப்பட்ட என்விடிஏ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் கல்லூரியில் தரும் குறிப்புகள் இரண்டு வகை. ஒன்று, ஜெராக்ஸ் கடையில் பழைய நோட்டை ஸ்கேன் செய்த பிடிஎஃப். அது வெறும் படம். மென்பொருளுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. இன்னொன்று, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. கண்ணுக்கு அது அழகான தமிழ். காதுக்கு வருவது வேறு. 'அம்மா' என்று இருக்கும் இடத்தில் திரைவாசிப்பான் "எம் கே செமிகோலன் கே ஹெச்" என்று படிக்கும். ஒரு பக்கத்தை அப்படிக் கேட்டுப் பாருங்கள் ஐயா, தலைவலியே வந்துவிடும்.

இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. 2010 ஜூனில் நம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்திலேயே தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினி அறியும் பொதுக் குறியீடான தமிழ் யூனிகோடைத் தமிழக அரசு முறைப்படி ஏற்றுக்கொண்டுவிட்டது. குறிப்புகளை யூனிகோடில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்குவதற்கு முந்தைய கோப்பை எங்களுக்கு மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பினால் போதும். உள்மதிப்பீட்டு வினாத்தாளுக்கும் இதே முறைதான். எங்கள் துறையில் ஒரு அம்மா மட்டும் இரண்டு பருவமாக அப்படித்தான் தருகிறார். அவர் நடத்தும் தாளில் நான் வகுப்பில் முதல் ஐந்து பேரில் வருகிறேன். மற்றத் தாள்களில் தேர்ச்சியே பெரும்பாடு.

கட்டடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நேரில் வந்தால் தங்களுக்கே தெரியும். சாய்தளம் இல்லாத கல்லூரி இப்போது குறைவு. ஆனால் 12 அடி நீளத்துக்கு ஓரடிதான் ஏற வேண்டும் என்பது விதி. ஒன்றரை அடி உயரத் திண்ணைக்கு 18 அடி நீளம் வேண்டும். எங்கள் தோழி ஒருவர் படிக்கும் கல்லூரியில் அது ஆறடியில் முடிந்திருக்கிறது. அதில் சக்கர நாற்காலியை ஏற்ற இரண்டு பேர் பின்னால் தள்ள வேண்டும், இறங்கும்போது ஒருவர் முன்னால் நின்று தாங்க வேண்டும். அதன் அடிவாரத்தில் எப்போதும் நாலு பைக் நிற்கும் என்பது தனிக்கதை.

கழிப்பறைதான் பெரிய கொடுமை. அந்தத் தோழி காலையில் வீட்டில் ஒரு டம்ளர் காபி குடிப்பதோடு சரி. சாயங்காலம் வீடு திரும்பும்வரை தண்ணீரைத் தொடுவதில்லை, வெயில் காலத்திலும்கூட. கதவு குறுகல், வாசலில் ஒரு படி, உள்ளே இந்தியன் கிளாசெட். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களைச் சரிசெய்யச் சட்டம் தந்த ஐந்தாண்டு அவகாசம், 2017இல் விதிகள் வந்ததிலிருந்து கணக்கிட்டால் 2022இலேயே முடிந்துவிட்டது. அணுகல் வசதிகள் விருப்பம்போலச் செய்கிற விஷயமல்ல, கட்டாயம் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. கல்லூரிக்கு ஒன்று, தரைத்தளத்தில், கைப்பிடியும் மேற்கத்தியக் கிளாசெட்டும் உள்ள ஒரே ஒரு கழிப்பறை. முதலில் அது வரட்டும். லிஃப்ட்டுக்கு அப்புறம் வருகிறோம். அதுவரை, படியேற முடியாதவர் இருக்கும் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றிக்கொடுத்தால் போதும்.

வருகைப் பதிவு பற்றியும் சொல்ல வேண்டும். தலசீமியா, இரத்த உறையாமை, தசைச் சிதைவு எல்லாம் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் வருபவைதான். தலசீமியா உள்ள ஒரு தங்கைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். முந்தின நாள் சோதனை, அன்றைக்கு முழுதும் ஆஸ்பத்திரி, மறுநாள் உடல் அசதி. பருவ முடிவில் 75 சதவீத வருகை எங்கிருந்து வரும்? மருத்துவச் சான்று கொடுத்தும் வருகைக் குறைவுக்கான கட்டணத்தை அவர் ஒவ்வொரு பருவமும் கட்டுகிறார். நோய்க்கு அபராதம் கட்டுவதாகத்தான் அது எங்களுக்குப் படுகிறது. சிகிச்சை நாட்களை வருகையாகக் கணக்கிடவோ, கட்டணமில்லாமல் விலக்களிக்கவோ ஆவன செய்ய வேண்டும்.

காது கேளாத மாணவர்கள் எங்களோடு சேர்ந்து பேசியது குறைவு. பேச ஆள் இல்லாததுதான் காரணம். கூட்டத்துக்குச் சைகை மொழி தெரிந்தவர் கிடைக்கவில்லை. எழுதிக்காட்டியே கேட்டுக்கொண்டோம். பிளஸ் டூ முடித்த பிறகு தங்களுக்கேற்ற பட்டப்படிப்பு வேண்டுமென்றால் இவர்கள் சென்னை மாநிலக் கல்லூரியைத்தான் முதலில் நினைக்கிறார்கள். செவித்திறன் குறைந்தவர்களுக்கென்றே அங்கே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. பெண் பிள்ளையைத் தனியாகச் சென்னைக்கு அனுப்ப இங்கே எத்தனை வீடுகளில் சம்மதிப்பார்கள்? நம் மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில் அதுபோன்ற ஒரு வகுப்பைத் தொடங்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். ஆசிரியர்கள் கிடைக்க மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் பெரியநாயக்கன்பாளையத்திலேயே சிறப்புக் கல்விக்கான பயிற்சி நடக்கிறது. இந்த மனுவில் புதிதாகக் கேட்பது என்றால் இது ஒன்றுதான்.

பஸ் விஷயம் சின்னது. இலவசப் பயணம் அரசுப் பஸ்ஸில் மட்டும்தான். எங்கள் பக்கம் பல வழித்தடங்களில் காலை நேரத்தில் ஓடுவது தனியார் பஸ். "கவர்மெண்ட் பஸ்ஸுல வாங்க தம்பி" என்று கண்டக்டர் மரியாதையாகத்தான் சொல்கிறார். அந்தக் கவர்மெண்ட் பஸ் முதல் வகுப்பு முடிந்த பிறகு வருகிறது. எந்தெந்த ஊர், எத்தனை மணி என்பதை இணைப்பில் குறித்திருக்கிறோம்.

கடைசியாக வேலை. திருப்பூர் பனியன் கம்பெனிகள், பெருந்துறை சிப்காட், கோவையின் ஐ.டி. நிறுவனங்கள் என்று வேலைக்குப் பஞ்சமில்லாத பகுதி இது. வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். எங்களுக்கு நடத்தும் வேலைவாய்ப்பு முகாமில் மட்டும் எம்.காம். படித்தவருக்கும் பத்தாம் வகுப்பு படித்தவருக்கும் ஒரே வேலையைத்தான் நீட்டுகிறார்கள்: பேக்கிங் அல்லது செக்கிங். அந்த வேலைகளைத் தாழ்வாகச் சொல்லவில்லை. எங்கள் அப்பா அம்மாவே அவற்றைச் செய்துதான் எங்களைப் படிக்க வைத்தார்கள். கணக்கு, கொள்முதல், டிசைன், ஏற்றுமதி ஆவணங்கள், வாடிக்கையாளர் மின்னஞ்சல் என்று படித்தவர் உட்கார்ந்து செய்யும் வேலை எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறது. பணியாளர்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகள் இருக்கும்படி தனியார் நிறுவனங்களுக்கு ஊக்கச் சலுகை தர வேண்டும் என்று சட்டத்தின் 35ஆவது பிரிவு சொல்கிறது. முதலாளிகளுக்கு இது தெரியுமா என்பதே சந்தேகம். தொழில் அமைப்புகளைத் தாங்கள் கூட்டிப் பேசி, இறுதியாண்டு மாணவர்களுக்கு விடுமுறையில் ஒரு மாதப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தால், எங்களால் என்ன முடியும் என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நான் முதல்வன் பயிற்சிகளில் எங்களுக்கான வாசிப்பு வசதியும், காணொளிகளுக்குத் தமிழ் எழுத்து வரிகளும் உறுதி செய்யப்பட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் கல்லூரிக்கு ஒருவர் பொறுப்பாக இருந்தால் பாதி தீர்ந்துவிடும். சம வாய்ப்பு மையம் என்ற பெயர்ப்பலகை சில கல்லூரிகளில் இருக்கிறது. யார் பொறுப்பு என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். ஒரு பேராசிரியரின் பெயரும் செல்பேசி எண்ணும் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். அவர் பருவத்துக்கு ஒருமுறை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு அறிக்கை தர வேண்டும்.

நவம்பர் பருவத் தேர்வுக்கு முன்பாக, மாவட்டத்துக் கல்லூரி முதல்வர்களையும் நல அலுவலரையும் எங்களில் சிலரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து ஒரு கூட்டம் நடத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். முடிந்தால் சனிக்கிழமையில் வைக்க வேண்டுகிறோம். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளுக்கு வந்தால் அன்றைக்கும் வருகை போய்விடுகிறது. எங்களில் காது கேளாதவர்கள் இருப்பதால் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் தேவை.

தங்கள் பதிலை எங்கள் மின்னஞ்சலுக்கு யூனிகோடு எழுத்துக் கோப்பாக அனுப்பினால் நாங்களே படித்துக்கொள்வோம். கையெழுத்திட்ட தாளை ஸ்கேன் செய்து அனுப்புவதானால், கூடவே அந்தக் கோப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மாற்றுத்திறனாளி மாணவ, மாணவியர்,
ஈரோடு மாவட்டம்.

இணைப்பு: கையொப்பத் தாள், தேர்வு வழிகாட்டுதல் மற்றும் தீர்ப்பு நகல்கள், பஸ் வழித்தடம், நேர விவரம், சாய்தளம், கழிப்பறைப் புகைப்படங்கள்.

நகல்: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், ஈரோடு.