பிடுங்கிய கன்றுகளும் கம்பஹாப் பயணமும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

சென்ற தவணை நுழைவாயிலருகே நட்ட கன்றுகளில் இரண்டை ஏன் பிடுங்கினீர்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தவறு என்னுடையதுதான். "எம் நாட்டுத் தாவரங்கள்" என்று பலகை வைத்துவிட்டு, ஈழத்தலரியையும் ஈரப்பலாவையும் நட்டிருந்தேன். தரம் 9 மாணவி ஒருத்தி வந்து, "சேர், முதலாவது மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது, மற்றது பசிபிக் தீவுகளிலிருந்து" என்றாள். பெயரிலேயே ஈழம் இருக்கிறதே என்று வாதாடிப் பார்த்தேன். அவள் சொன்னதே சரி. கன்றுகள் பின்வளவில் நன்றாக நிற்கின்றன. பொய் சொன்னது பலகைதான்.

அந்த இடத்தில் எதை வைக்கலாம் என்று தேடப்போய்த்தான் பிள்ளைகளுக்குத் தரலுவ மரத்தின் கதை கிடைத்தது. அதன் அறிவியல் பெயர் குருடியா சைலானிக்கா. அவரைக் குடும்பத்து மரம், இலங்கைக்கே உரியது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் 2012 செம்பட்டியலில் அற்றுப்போனதாகக் குறித்திருந்தார்கள். 2019இல் கம்பஹா மாவட்டத்துத் தரலுவவில் ஒன்று உயிரோடு நின்றது! 2021இல் நெடுஞ்சாலைக்காக அதை வெட்டப்போவதாகப் பேச்சு எழுந்தபோது, பிக்குகள் அதற்குக் காவித்துணி கட்டினார்கள்.

இப்படி அருகிப்போகும் மரங்களின் விதைகளைக் குளிரூட்டியில் வைத்தால் போதாதா என்று பிள்ளைகள் கேட்டார்கள். நெல், பயறு என்றால் சரி. ஈரவலயக் காட்டு மரங்கள் பலவற்றின் விதைகளோ பலாக்கொட்டை மாதிரி, காய்ந்தால் செத்துவிடும். உடனே நாற்றுமேடையில் முளைக்கவைத்து, மரமாகவே காக்க வேண்டும். அதுவும் ஒரே தாய்மரத்துக் கன்றுகள் என்றால் எல்லாம் நெருங்கிய சொந்தம். ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கலாம்.

வெசாக் காலத்தில் பூக்கும் எம் நாட்டு வெசாக் ஓர்க்கிட்டின் சங்கதி வேறு. ஓர்க்கிட் விதை தூள் போன்றது, காட்டில் பூஞ்சணத்தின் துணையில்லாமல் முளைக்காது. ஆய்வுகூடங்களில் போத்தலுக்குள் சத்துக்கூழில் முளைக்கவைக்கிறார்கள். காட்டில் பிடுங்கியதை யாராவது விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

அடுத்த மாத முதல் சனிக்கிழமை தரம் 8, 9 மாணவர்களைக் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப் போகிறோம். 1876இல் நாட்டின் முதல் இறப்பர் கன்றுகளை நட்ட இடம் அது. (அதுவும் வெளிநாட்டு மரம்தான் என்று எனக்கு நிச்சயம் நினைவூட்டுவார்கள்.) பஸ் காலை 6.30க்குப் புறப்படும். சாப்பாடு, தண்ணீர், தொப்பி கொடுத்துவிடுங்கள். இலையோ விதையோ பறித்துவரக் கூடாது. திரும்பும்போது பைகளைப் பார்ப்போம். சம்மதக் கடிதம் வெள்ளிக்குள் வகுப்பாசிரியரிடம் சேரட்டும்.

அப்புறம், நுழைவாயிலில் அந்த இரண்டு குழிகளும் இன்னும் மூடப்படவில்லை. மழைத்தண்ணீர் நிற்கிறது. காலையில் பிள்ளைகளை இறக்கும்போது கவனம்.

அன்புடன்,
அதிபர்